கேமராவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஆள் நடமாட்டம் கூடிவிடும். நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். இங்குள்ள இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர், இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கதிர்வீச்சு வேலை ஒத்துவருமாம்மா?"

தாராளமாக ஒத்துவரும். பணியாளர் வாங்கும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். நெஞ்சில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜ் அதற்குக் கணக்கு வைக்கும். கர்ப்பமானால் சொல்லிவிட வேண்டும். வேலையை மாற்றித் தருவார்கள்.

நான் திருப்பிக் கேட்டது எங்கள் ஸ்கேன் கருவியைப் பற்றி: "சேரப்போற காலேஜ்ல காமா கேமரா ஓடுதா?" அவருக்குத் தெரியவில்லை. கையேட்டில் படம் மட்டும் இருந்தது.

இந்தத் தொழில் கடிகாரத்தோடு ஓடுவது. எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியம் காலை 6 மணிக்கு 20 மில்லிக்யூரி இருந்தால், நண்பகலில் 10தான். பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18 இன்னும் அவசரக்காரன். 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நோயாளி பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொண்டால் எங்கள் கணக்கே மாறும். கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் ஹாட் லேபில் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, டங்ஸ்டன் உறை போட்ட சிரிஞ்சில் மருந்தை இழுத்து, அளந்து, நரம்பில் ஏற்ற வேண்டும். கை தடுமாறி நேரம் இழுத்தால், அந்தக் கைக்குத்தான் கதிர்வீச்சு கூடும். ஆகவே பழக்கமே இங்கே முதல் பாதுகாப்பு. புத்தகத்தில் அது வராது. லேத் இல்லாத பட்டறையில் டர்னர் வேலை கற்றுத்தருகிறோம் என்றால் எங்கள் எஸ்டேட்டில் சிரிப்பார்கள்.

"ஸ்கேன் சென்டரோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்று சில கல்லூரிகள் சொல்லும். தப்பில்லை. ஆனால் மாணவருக்கு ஹாட் லேபில் எத்தனை மணி நேரம் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் இடத்தில் சிரிஞ்சை யார் மாணவர் கையில் கொடுப்பார்கள்? பிள்ளைகள் கதவோரம் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

துணை மருத்துவப் படிப்புகளை முறைப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது; அதன்படி ஆணையமும் அமைக்கப்பட்டது. அந்த ஆணையமும் மாநில அரசும் ஒன்று செய்யலாம்: வாரியத்தின் உரிமம், ஓடும் கேமராக்கள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஆகிய விவரங்களைச் சேர்க்கை விளம்பரத்திலேயே அச்சிடக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை பெற்றோரே கேட்க வேண்டியதுதான். அட்மிஷன் அறையிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். துறையைக் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால், பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.