கங்காருன்னா 'தெரியாது'ன்னு அர்த்தமாம்... யாருக்குத் தெரியாது?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு ட்ரெய்னிங். தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துறது எப்படின்னு நாலு மணி நேரம் மொக்கை, நடுவுல ரெண்டு சமோசா. ட்ரெய்னர் வந்த உடனே ஆரம்பிச்சாரு பாருங்க, அந்தக் கதைய.

"கேப்டன் குக் ஆஸ்திரேலியாவுல இறங்கினாரு. குதிச்சு குதிச்சு ஓடுற ஒரு மிருகத்தப் பாத்தாரு. பக்கத்துல நின்ன உள்ளூர்க்காரன்கிட்ட 'இது என்ன?'ன்னு கேட்டாரு. அவன் 'கங்காரு'ன்னான். அவன் பாஷையில அதுக்கு 'எனக்குத் தெரியாது'ன்னு அர்த்தமாம்!"

மொத்த ரூமும் சிரிச்சுது. நான் சிரிக்கல. உடனே நல்லவன்னு நெனச்சுடாதீங்க மக்களே. இதே கதைய காலேஜ் ஹாஸ்டல்ல நானே பத்து பேருக்கு சொல்லி கைதட்டல் வாங்கினவன்தான். பின்னாடி ஒரு நாள் தோண்டிப் பாத்தப்பதான் மேட்டர் தெரிஞ்சுது. அதனால இந்தப் பதிவைக் கொஞ்சம் பிராயச்சித்தம்னும் வெச்சுக்கலாம்.

முதல்ல நடந்தது என்னன்னு பாத்துடுவோம்.

1770 ஜூன் 11 ராத்திரி, குக்கோட 'எண்டெவர்' கப்பல் ஆஸ்திரேலியாவோட வடகிழக்குல பவளப்பாறையில மோதி ஓட்டையாயிடுச்சு. பக்கத்துல ஒரு ஆத்து முகத்துல கப்பல ஒதுக்கி, ரிப்பேர் பாக்க கிட்டத்தட்ட ஏழு வாரம் ஆச்சு. இன்னைக்கு அந்த இடத்துக்குப் பேரு குக்டவுன். அங்க வாழ்ந்தவங்க பேசின மொழி குகு யிமிதிர். 'குகு'ன்னா பேச்சு. 'இப்படிப் பேசுற பேச்சு'ங்கிற மாதிரிதான் அந்தப் பேருக்கு அர்த்தம்.

கப்பல்ல இருந்த ஜோசப் பேங்க்ஸ் ஒரு இயற்கை ஆராய்ச்சியாளர். அவரும் மத்தவங்களும் அந்த மக்கள்கிட்ட பழகி, தலை, முடி, கை, கால்னு உடம்புல உள்ளதுக்கெல்லாம் பேரு கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஜூலை 12ந் தேதி பேங்க்ஸோட டைரியில 'கங்குரு' வருது. ஜூலை 14ந் தேதி ஜான் கோர்ங்கிற அதிகாரி ஒண்ணைச் சுட்டுக் கொண்டாந்தாரு. ஆகஸ்ட் 4ந் தேதி குக்கும் அந்தப் பேரை எழுதி வெச்சாரு.

இப்ப கதையில உள்ள ஓட்டை புரியுதா? வழியில போற ஒருத்தன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு ஓடிப்போன கேஸ் இல்ல இது. வாரக்கணக்குல பழகிக் கேட்டு எழுதின சொல்பட்டியல்.

அப்ப சந்தேகம் எங்கேருந்து வந்துச்சு? 1820ல பிலிப் பார்க்கர் கிங்னு இன்னொரு கேப்டன் அதே ஆத்துக்குப் போனாரு. அவரும் அந்த மிருகத்துக்குப் பேரு கேட்டாரு. அவருக்குக் கிடைச்சது 'கங்காரு' இல்ல, 'மினா' மாதிரி ஒரு சொல்லு. உடனே எல்லாருக்கும் குக் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. ஆனா 'மின்ஹா'ன்னா அந்த மொழியில திங்கிற மிருகம், கறின்னு அர்த்தம். ஆட்டைக் காட்டிப் பேரு கேட்டா, நம்மாளு ஒருத்தர் 'கறி'ன்னு சொல்ற மாதிரி. பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இன்னொரு கூத்து 1788ல நடந்துச்சு. சிட்னியில குடியேறின வெள்ளைக்காரங்க, குக்கோட பட்டியல எடுத்துக்கிட்டு வந்து அங்க இருந்தவங்ககிட்ட 'கங்காரு, கங்காரு'ன்னாங்க. சிட்னி எங்க, குக்டவுன் எங்க? நடுவுல 2000 கிலோமீட்டர். மொழியே வேற. சென்னையில நாலு வார்த்தை கத்துக்கிட்டு டெல்லியில இறங்கி 'இது உங்க பாஷைதானே'ன்னு பேசினா எப்படி இருக்கும்? சிட்னிக்காரங்க அந்த மிருகத்த 'படகரங்'னு சொல்லுவாங்க. அதனால 'கங்காரு'ங்கிறத இங்கிலீஷ் வார்த்தைன்னு எடுத்துக்கிட்டாங்க. பின்னாடி கப்பல்ல மாடு வந்து இறங்கினப்போ கோல்பிங்கிறவர், 'இதெல்லாம் கங்காருவா?'ன்னு கேட்டதா வாட்கின் டெஞ்ச் எழுதி வெச்சிருக்காரு.

ஆக, குழப்பம் நடந்தது உண்மைதான். ஆனா குழப்பினது யாரு? ஒரு கண்டம் முழுக்க ஒரே பாஷைன்னு நெனச்ச பெரிய மனுஷங்க. பழியச் சுமந்தது யாரு? சரியா பதில் சொன்ன அந்த ஊர்க்காரர்!

வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு. 1898லயே வால்டர் ராத், 'அந்த மொழியில அது கங்காருவோட பேரேதான்'னு பத்திரிகைக்கு கடிதம் எழுதிட்டாரு. யாரும் கண்டுக்கல. 1970கள்ல ஜான் ஹேவிலண்ட்ங்கிற மொழியியலாளர் அந்த மக்களோட தங்கி மொழியைப் படிச்சு உறுதிப்படுத்தின பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அது பொதுப்பேரு கூட இல்ல, பெரிய கங்காருல ஒரு வகைக்கு உள்ள பேரு. மத்த வகைகளுக்கு தனித்தனிப் பேரு இருக்கு. 'தெரியாது'ன்னு சொன்னதா நாம சிரிக்கிற ஆளு, வகை பிரிச்சு சரியான பேரைச் சொல்லியிருக்காரு சார்!

இன்னொரு விஷயம். அந்தச் சொல்லு நடுவுல வர்றது 'ங்கு' இல்ல, 'ஙு'. அதாவது 'கஙுரு'. ஒண்ணாங்கிளாஸ் அரிச்சுவடியோட நாம மறந்துபோன அந்த எழுத்தேதான். இங்கிலீஷ்ல அத எழுத தனி எழுத்து கிடையாது. நம்மகிட்ட இருக்கு.

"ஜோக்குதானே பாஸ், ஏன் சீரியஸ் ஆகுறீங்க?"ன்னு டீம்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. 2016ல வந்த 'அரைவல்' படத்துல கூட ஹீரோயின் இந்தக் கதைய ராணுவ அதிகாரிகிட்ட சொல்லி காரியத்த சாதிச்சுப்பாங்க. அப்புறம் அந்தம்மாவே அது உண்மையில்லன்னும் ஒத்துக்குவாங்க. நம்மாளுங்க அந்தக் கடைசி வரிய மட்டும் வெட்டிட்டு ஃபார்வர்ட் பண்றாங்க.

ஜோக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ஒருத்தன் கேள்வி கேக்கிறான், இன்னொருத்தன் முழிக்கிறான். முழிக்கிறவன் எப்பவும் இங்கிலீஷ் தெரியாதவன். இதுக்கு நாம சிரிக்கலாமா? கிளையண்ட் கால்ல நான் மூணு தடவை தெளிவா சொன்னதுக்கப்புறமும் அந்தப் பக்கம் "சாரி?"ன்னு கேட்டாங்க. கால் முடிஞ்சதும் மேனேஜர் என்கிட்டதான் சொன்னாரு, "உன் உச்சரிப்பக் கொஞ்சம் சரி பண்ணிக்கோ". புரியலன்னா தப்பு யார் பக்கம்னு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. 1770லயும் அதே கதைதான்.

குகு யிமிதிர் மக்களோட கதை சாதாரணமானது இல்ல. 1942ல, போர் நேரத்துல, அவங்கள சொந்த மண்ணுலேருந்து கிளப்பி தெற்கே வூராபிண்டாவுக்குக் கொண்டு போய் விட்டாங்க. நிறைய பேரு அங்கேயே செத்துப் போனாங்க. 1949லதான் திரும்பி வர ஆரம்பிச்சாங்க. இவ்வளவுக்கப்புறமும் ஹோப்வேல்ல அந்த மொழி பேசுறவங்க இருக்காங்க. அந்த மொழிய உலகம் பூரா தெரியவெச்ச ஒரே பெரிய சொல்லு இது. அதையும் 'எனக்குத் தெரியாது'ன்னு மாத்திப் பிடுங்கிட்டோம்.

ட்ரெய்னர்கிட்ட டீ பிரேக்ல இதெல்லாம் சொன்னேன். "இன்ட்ரஸ்டிங்"னாரு. மதியம் அடுத்த பேட்ச்சுக்கு அதே கதைய சொன்னாரு. கதவு வழியா சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

அவரை விடுங்க. உங்ககிட்ட அடுத்த தடவை யாராவது இந்தக் கதைய அவுத்து விட்டா, சிரிக்காம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தெரியாதுன்னு சொன்னது யாரு?"

டிஸ்கி: ஹாஸ்டல்ல என்கிட்ட இந்தக் கதைய கேட்ட பத்து பேருல யாராவது இதைப் படிச்சா, மன்னிச்சுக்கோங்கடா.