2147483647: இந்த எண்ணோடு ஜாக்கிரதை!

'கம்ப்யூட்டர் கணக்கில் தப்பே செய்யாது' என்று நம்பித்தான் பலரும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். சோதித்துப் பார்க்கலாமா? விண்டோஸ் 10 அல்லது 11-ல் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூவேர்ட் என்று இருக்கும் பட்டனைக் கிளிக் செய்தால் டிவேர்ட் என்று மாறும். இப்போது 2147483647 என டைப் செய்து அதனுடன் 1-ஐக் கூட்டுங்கள். விடை -2147483648. ஆமாம், கழித்தல் குறியோடு!

பயப்படாதீர்கள், வைரஸ் இல்லை. டிவேர்ட் என்றால் 32 பிட். அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைப்பது.

கணிதக்காரர்களுக்கு இது பழைய நண்பன். இது பகா எண் என்று 1772-ல் ஆய்லர் காட்டினார். சாதாரணமாகப் போனால் 46340 வரை உள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கையால்! ஆய்லர் யோசித்தார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று கண்டார். முந்நூற்றுச் சொச்சம் வகுத்தல்களுக்குள் வேலை முடிந்தது. (பகா எண் என்பதால்தான் கால்குலேட்டர் தடுமாறுகிறது என்று நினைக்க வேண்டாம். 64 பிட்டின் எல்லையான 9223372036854775807, 7-ஆல் மீதியின்றி வகுபடும்.)

சரி, நமக்கென்ன? பல பழைய புரோகிராம்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளாக 32 பிட்டில் வைக்கின்றன. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடியில், திருத்தப்படாத புரோகிராம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

'அதற்குள் பார்த்துக் கொள்ளலாம்' என்று எங்கள் துறையில் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இன்று 20 வருட வீட்டுக் கடனுக்குத் தவணை போடும் சாஃப்ட்வேர், 2038-ஐ இன்றைக்கே தாண்டியாக வேண்டும். மெமரி தங்க விலை விற்ற 1970-களில் 32 பிட்டோடு நிறுத்தியது சிக்கனம். இப்போதும் அப்படியே எழுதுவது சோம்பேறித்தனம்.

'நான் வாங்கியது 64 பிட் கம்ப்யூட்டராச்சே' என்பீர்கள். மெஷின் 64 பிட் என்றாலும், உள்ளே ஓடும் புரோகிராம் தேதியை 32 பிட்டில் வைத்திருக்கலாம். எனவே கணக்கு சாஃப்ட்வேர் வாங்கும்போது கலர், மெனு, இலவச சிடி எல்லாம் அப்புறம். டெமோவில் 2040-ல் ஒரு தேதியை நீங்களே டைப் செய்து, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். அதே தேதி வரவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.