சுரங்கத்து ஊர்கள் பாடிய ஓப்பரா

ஓப்பரா என்றால் சீமான்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. வேல்ஸ் தேசிய ஓப்பரா பிறந்த கதையைக் கேட்டால் அந்த எண்ணம் நிற்காது.

1943. உலகப் போர் இன்னும் முடியவில்லை. கார்டிஃப் நகரில் பாட்டு வாத்தியாராக இருந்த இட்லோஸ் ஓவனும் நண்பர்கள் சிலரும் வேல்ஸுக்கென்று ஓர் ஓப்பரா குழு வேண்டும் என்று கிளம்பினார்கள். ஓவன் இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வரவு செலவைக் கவனிக்க முன்வந்த பில் ஸ்மித், ஊரில் மோட்டார் கராஜ் நடத்தியவர். பின்னாளில் குழுவின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தார். கையில் பெரிய முதல் இல்லை, சொந்த அரங்கம் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

அந்தக் குரல் ஒன்றும் திடீரென்று முளைத்ததல்ல. தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்கு ஊர்களில் தேவாலயம்தோறும் சேர்ந்திசை உண்டு. ஐந்து கோட்டு மேலைச் சுரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும், நம் ஸரிகம போல எழுத்தாலேயே சுரம் சொல்லும் 'டானிக் சோல்ஃபா' முறையில் நான்கு குரல் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள். 'ஐஸ்டெத்வோட்' விழாக்களில் ஊருக்கு ஊர் போட்டி போட்டார்கள். ஓவன் புதிதாக யாரையும் பாடகராக்க வேண்டியிருக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்களை நாடக மேடைக்கு அழைத்து வந்தார்.

1946 ஏப்ரல் 15 அன்று, கார்டிஃபின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் முதல் நிகழ்ச்சி. மஸ்காஞியின் 'கவலேரியா ருஸ்டிகானா', லியோன்கவாலோவின் 'பல்யாச்சி', இரண்டும் ஒரே இரவில். துணிக்கே ரேஷன் கூப்பன் கேட்ட காலம் அது. கோரஸில் நின்றவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், ஆசிரியர்கள், டாக்டர்கள். பகலெல்லாம் வேலை, பொழுது சாய்ந்ததும் ஒத்திகை. பாடியதற்குச் சம்பளம் கிடையாது. (அந்தத் தியேட்டர் இன்று மதுவிடுதி. கட்டடம் நிற்கிறது என்பதே ஆறுதல்.)

ஓவனிடம் பாட்டுக் கற்றவர்களில் ஒருவர் ஜெரைன்ட் எவன்ஸ். சுரங்கத் தொழிலாளியின் மகன். பான்டிப்ரித் ஊரில் ஒரு துணிக்கடையின் கண்ணாடி அலமாரிகளை அலங்கரித்துக்கொண்டிருந்த பையன். பிறகு லண்டனின் கோவென்ட் கார்டன் ஓப்பரா அரங்கிலும் உலக மேடைகளிலும் புகழ்பெற்று, 'சர்' பட்டமும் பெற்றார்.

குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கோரஸ்தான். 1952இல் வெர்டியின் 'நபுக்கோ'வை எடுத்தார்கள். பிரிட்டனில் அப்போது அபூர்வமாகவே மேடையேறிய ஓப்பரா. நாடு இழந்த அடிமைகள் கூட்டமாகப் பாடும் இடம் அதன் உயிர். நட்சத்திரப் பாடகரின் தனிப்பாட்டைவிடக் கூட்டுக்குரலுக்குக் கனம் தரும் படைப்பைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்தக் குழுவின் புத்திசாலித்தனம் தெரிகிறது. தன் பலம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே, வேல்ஸ்காரரான ஆர்வெல் ஹியூஸ் எழுதிய 'மென்னா'வையும் மேடையேற்றினார்கள். 1955இல் லண்டனுக்கே போய் ஒரு வாரம் பாடினார்கள்.

1968இல் சம்பளம் பெறும் கோரஸ் உருவானது. 1970இல் சொந்த ஆர்கெஸ்ட்ரா. 1973க்குப் பிறகு சம்பளமில்லாப் பாடகர்கள் மேடையில் இல்லை. 1990இல் பாடகர் பிரின் டெர்ஃபெல் தன் ஓப்பரா வாழ்க்கையைத் தொடங்கியது இங்கேதான். நிலையான வீடு கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: கார்டிஃப் விரிகுடாவில் வேல்ஸ் மில்லேனியம் சென்டர்.

இப்போது அடி விழுவது அந்த கோரஸின் மேலேயே. இங்கிலாந்து ஊர்களுக்கும் போய்ப் பாடும் இந்தக் குழுவுக்குத் தந்துவந்த மானியத்தில் 35 சதவீதத்தை 2022இல் இங்கிலாந்து கலை மன்றம் வெட்டியது. மறு ஆண்டு வேல்ஸ் கலை மன்றமும் ஏறத்தாழ 12 சதவீதம் குறைத்தது. லிவர்பூல், பிரிஸ்டல், லாண்டிட்னோ என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பயணப் பட்டியலிலிருந்து கழன்றன. 2024இல் பாடகர்களையும் இசைக்கலைஞர்களையும் பகுதிநேர ஊழியர்களாக்கும் யோசனை வந்தபோது, அவர்கள் வேல்ஸ் நாடாளுமன்ற வாசலில் நின்று பாடியே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அன்று சம்பளமில்லாமல் பாடினார்களே என்று இன்றைய வெட்டுக்கு நியாயம் சொல்ல முடியாது. அன்றைய பாடகர்களுக்குச் சுரங்கமும் பள்ளிக்கூடமும் சோறு போட்டன. இன்றைய பாடகர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. கோரஸின் வயிற்றில் அடித்து மிச்சம் பிடிப்பது இந்தக் குழுவைப் பொறுத்தவரை தவறான கணக்கு. வெட்டிய பணத்தை இரு கலை மன்றங்களும் திருப்பித் தந்தாக வேண்டும்.