கணக்கில் வராதவர்கள்

புயல் வருமுன் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். பெய்யும் மழையை அளக்கிறார்கள். அவற்றைத் தாங்க வேண்டிய மக்களின் நிலையை அளக்கிறார்களா? அதையும் அளக்க வேண்டும், வீடு வீடாக அளக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை ஆண், பெண் என்று பேதம் பார்க்கவில்லை. ஆயினும் கடலூர் மாவட்டத்தில் இறந்தோருள் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்பாம் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. காரணம் என்ன? ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தனர். ஆழ்கடலில் அந்த அலை உயர்ந்தெழுவதில்லை. படகின் அடியில் கடந்து போய்விடும். பெண்களோ படகு கொண்டுவரும் மீனுக்காகக் கரையில் காத்திருந்தனர். வீட்டிலிருந்தவர்கள் பிள்ளைகளைத் தேடி ஓடினர். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. நீந்தத் தெரிந்த பெண்களும் குறைவு. மீனவர் மகனுக்கு இயல்பாக வரும் நீச்சல் மகளுக்கு மட்டும் வேண்டாததாயிற்றே, ஏன்?

இன்னார்தாம் அதிகம் அல்லற்படுவர் என்பதை முன்னரே கணக்கிட முடியுமா? முடியும் என்கின்றனர் அமெரிக்கப் புவியியல் பேராசிரியை சூசன் கட்டரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். வயது, வருமானம், குடியிருப்பு முதலிய 42 விவரங்களைக் கொண்டு, அந்நாட்டின் மாவட்டங்கள் போன்ற 'கவுண்டி' ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை 2003இல் கொடுத்தனர். உதவி எங்கே முதலில் செல்ல வேண்டும் என்பதை அறிய இது நல்ல வழிதான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரே எண் என்றால் மாடி வீடும் கடலோரக் குடிசையும் சேர்ந்து சராசரியாகிவிடும். (வகுப்புச் சராசரியைப் பார்த்துக் கணக்கில் தவறியவர் யாரென்று சொல்ல முடியுமா? எங்கள் கணித ஆசிரியையே சொல்லமாட்டார்!)

நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நீந்தத் தெரியுமா?' என்ற கேள்வி கிடையாது. தனியே வாழும் பாட்டியை நள்ளிரவில் எழுப்பி அழைத்துவர யார் உண்டு என்றும் கேட்பதில்லை. முன்பின் அறியாதவர் படிவத்துடன் வந்து கேட்டால், தன்மானமுள்ள எந்தக் குடும்பமும் "எங்களுக்கென்ன குறை?" என்றுதான் சொல்லும். அடுத்த தெருப் பெண் கேட்டால் உண்மை வரும். ஆகவே ஊராட்சியும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து இந்தக் கணக்கை எடுப்பதே பொருத்தம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு தெருவையேனும் எடுத்துக்கொள்ள நாங்கள் ஆயத்தம்; அருட்சகோதரிகள் அனுமதி தர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். நீச்சல் வகுப்புக்குச் சம்மதக் கடிதம் கேட்டு வருவோம். "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.