ரோமின் கடவுள்கள் யார் வாய் வழியாகப் பேசினார்கள்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் அம்பேத்கரின் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலைப் படித்தோம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, மாநாடே ரத்தானதால் பேசப்படாமல் போன உரை அது. அதில் ரோமாபுரியின் பிளெபியன்களைப் பற்றி ஒரு பகுதி வரும். அந்த இடத்தில் ஓர் இளம் தோழர் நிறுத்தினார். “ஜூபிடர் வானத்துக்கு, நெப்டியூன் கடலுக்கு, மார்ஸ் போருக்கு. வினாடி வினாவுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தக் கடவுள்களால் நமக்கு என்ன தோழர்?” என்று கேட்டார். அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

அந்த இலாகாப் பட்டியல் பொய்யல்ல. வாசலுக்கும் தொடக்கத்துக்கும் ஜேனஸ், அடுப்பு நெருப்புக்கு வெஸ்டா, தானியத்துக்கு செரஸ். கோதுமையைத் தாக்கும் துரு நோய்க்குக்கூட ரோபிகஸ் என்றொரு தெய்வம் இருந்தது. ஆனால் இந்தப் பட்டியல் ஒன்றை மறைக்கிறது. இந்தத் தெய்வங்களிடம் அரசின் சார்பில் பேசும் உரிமை யாருக்கு இருந்தது?

ரோமில் தேர்தலோ போரோ, முதலில் பறவைகளின் போக்கையும் மின்னலையும் பார்த்து ஜூபிடரின் சம்மதம் கேட்க வேண்டும். இந்த நிமித்தம் பார்க்கும் உரிமை பிறப்பால் தங்களுக்கே உரியது என்றார்கள் உயர்குடியினரான பேட்ரீசியன்கள். பன்னிரு பலகைச் சட்டம் அவர்களுக்கும் சாதாரணக் குடிகளான பிளெபியன்களுக்கும் இடையே திருமணத்தைத் தடை செய்தது. கி.மு. 445இல் கனுலேயஸ் என்ற பிளெபியன் பிரதிநிதி அந்தத் தடையை நீக்கச் சட்டம் கொண்டுவந்தார். ரத்தம் கலந்தால் நிமித்தம் குழம்பிவிடும் என்று எதிர்த்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. இந்த வாதத்தை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா?

கி.மு. 327இல் நடந்ததைப் பாருங்கள். தேர்தலை நடத்துவதற்காக மார்செல்லஸ் என்ற பிளெபியன் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்டார். போர்முகாமில் இருந்த கான்சல், நள்ளிரவு அமைதியில் அறிவித்த நியமனம் அது. ரோமில் இருந்த நிமித்திகர்கள், நியமனத்தில் குறை நேர்ந்துவிட்டது, செல்லாது என்றார்கள். அன்று நிமித்திகர்கள் அனைவரும் பேட்ரீசியன்கள். எங்கோ முகாமில் நள்ளிரவில் நேர்ந்த குறை இங்கே உட்கார்ந்திருந்த உங்களுக்கு எப்படித் தெரிந்தது, அவர் பிளெபியன் என்பதைத் தவிர வேறென்ன குறை என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்டார்கள். பதில் இல்லை. ஆனாலும் மார்செல்லஸ் பதவியில் நீடிக்கவில்லை.

அம்பேத்கர் சுட்டியது இதைத்தான். பிளெபியன்களுக்குப் பதவி கிடைத்தும் அதிகாரம் கிடைக்காததற்குக் காரணம் மதம் என்றார் அவர். டெல்ஃபி கோயிலின் குறியை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். டெல்ஃபி இருப்பது கிரேக்கத்தில். ரோமானியக் கான்சலுக்கு அதன் ஒப்புதல் தேவைப்படவில்லை. உதாரணம் பிழை. ஆனால் மதமும் அதிகாரத்தின் ஊற்று என்ற அவருடைய வாதத்துக்கு மார்செல்லஸ் கதை அதைவிட வலுவான சான்று.

பிளெபியன்கள் சும்மா இருக்கவில்லை. கடன் கொடுமை தாங்காமல் கி.மு. 494இல் நகரைவிட்டே வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு அவெண்டைன் குன்றுச் சரிவில் செரஸ், லிபர், லிபெரா மூவருக்கும் கோயில் எழுந்தது. கேபிடல் குன்றில் ஜூபிடர், ஜூனோ, மினெர்வா இருந்தார்கள். இங்கே தானியமும் திராட்சை மதுவும். பிளெபியன் அதிகாரிகளின் அலுவலகம் இந்தக் கோயில்தான். கான்சல்கள் செனட் தீர்மானங்களை மறைப்பதும் திருத்துவதும் வழக்கமாக இருந்ததால், கி.மு. 449 முதல் தீர்மானங்கள் இங்கே கொண்டுவந்து பாதுகாக்கப்பட்டன. சோற்றுக்குரிய தெய்வம் ஆவணங்களின் காவலாளி ஆனாள். ‘தானியக் கடவுள்’ என்று பட்டியலில் படித்தால் இது தெரியாது.

கி.மு. 300இல் ஒகுல்னியச் சட்டம் வந்தது. தலைமைக் குருமார் குழுவில் நான்கு பிளெபியன்கள், நிமித்திகர் குழுவில் ஐந்து பிளெபியன்கள் சேர்க்கப்பட்டார்கள். வானத்தைப் படிக்கும் உரிமை பிறப்பிலிருந்து கழன்றது. இரண்டு நூற்றாண்டுப் போராட்டத்தின் பெரிய வெற்றி இது.

ஆனால் உள்ளே போனவர்கள் யார்? வசதி படைத்த பிளெபியன் குடும்பங்கள். அவர்களும் பேட்ரீசியன்களும் சேர்ந்து ஒரு புதிய மேட்டுக்குடி ஆனார்கள். ஜூபிடரின் தனிப் பூசாரி பதவி அதன் பிறகும் பேட்ரீசியனுக்கே. அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

பிளெபியனும் தலித்தும் ஒன்றல்ல; ரோமில் தீண்டாமை இல்லை. ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு பாடங்கள் எடுத்துக்கொள்ளலாம். கடவுளின் பெயரால் பூட்டிய கதவைத் திறக்காமல், வென்ற பதவி எதுவும் நிலைக்காது. கதவு திறந்த பிறகும், உள்ளே போனவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தோழருக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை எந்தக் கடவுளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அந்த வேலையை நிர்ணயித்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.