காதுக்கு இமை இல்லை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கண்ணுக்கு இமை உண்டு. காண விரும்பாத காட்சி எதிரே வந்தால் மூடிக்கொள்ளலாம். காதுக்கு இயற்கை இமை வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் உறங்காத காவலாளி அது. செவி வழியே பெறும் அறிவுக்கு வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அத்தகைய செவியைப் பற்றி நாம் என்றேனும் எண்ணிப் பார்த்தது உண்டா? நானும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு விடுமுறையில் சென்னை சென்று ஒரு கண்காட்சியைக் காணும் வரையில்!

அது வீட்டில் வைத்து இசை கேட்பதற்கான உயர்தர ஒலிக்கருவிகளின் கண்காட்சி. என்னை அழைத்துச் சென்றவர் என் சித்தப்பா. இராஜபாளையத்தில் மைக் செட் வைத்துத் தொழில் செய்பவர். காதுகுத்து முதல் பங்குனிப் பூக்குழி வரை அவர் கட்டாத குழாய் ரேடியோ இல்லை. "நாமளும் இத்தனை வருசமா ஸ்பீக்கரோடயே பிழைக்கிறோம். பணக்காரன் வீட்டு ஸ்பீக்கர் எப்படித்தான் பாடுதுன்னு ஒரு தடவை கேட்டுட்டு வருவோம்" என்றார். என் தந்தையாரும் உடன் வந்தார். அவர் சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்பவர். மூவரும் பொதிகை விரைவு வண்டியில் ஏறிச் சென்றோம்.

கண்காட்சி ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. அறைக்கு ஒரு நிறுவனம். கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் முதலில் என்னைத் தாக்கியது இசையன்று, அமைதி! கால் புதையும் கம்பளம். சுவரெல்லாம் தடித்த திரைகள். மூலைகளில் மெத்தை போன்ற பலகைகள். நடுவே நான்கைந்து நாற்காலிகள். எதிரே ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டு, துவாரபாலகர்போல் நின்றன. தாத்தா காலத்துப் பொருள் என்று நாம் பரணில் போட்டுவிட்ட இசைத்தட்டும் அங்கே அரியணையேறிச் சுழன்றுகொண்டிருந்தது.

இந்தக் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரே இசையை இரண்டு ஒலிபெருக்கிகளில் பிரித்துத் தந்து, இடமும் வலமும் உணரச் செய்யும் 'ஸ்டீரியோ' முறைக்கு 1931இல் காப்புரிமை கோரியவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். நம் தமிழ்த் திரையில் 1978இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் அந்த முறையில் பதிவானவை. செருமனியின் மியூனிக் நகரில் 2004 முதல் 2025 வரை கூடிய 'ஹை எண்ட்' கண்காட்சி இத்துறையின் பெருந்திருவிழா எனப் புகழ்பெற்றது. இஃதெல்லாம் வெள்ளைக்காரர் வித்தை என்று யாரும் எண்ண வேண்டா. 1970இல் கொல்கத்தாவில் தோன்றிய 'சோனோடைன்' நிறுவனம் நம்மவர் நிறுவனமே. மலைக்கு அப்பால் கொச்சியில், கட்டடக் கலைஞரான ஜேக்கப் ஜார்ஜ் தொடங்கிய 'ரிதம்' நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் அமெரிக்கக் கண்காட்சிகளிலேயே இடம் பெற்றிருக்கின்றன.

ஒரு தலையாட்டல்

ஓர் அறையில் நடன நிகழ்ச்சியின் பதிவு ஒன்றை ஒலிக்கச் செய்தார்கள். விளக்கம் சொன்ன இளைஞர், "கண்ணை மூடிக் கேளுங்கள் சார். மிருதங்கத்துக்குப் பின்னால் சலங்கை ஒலி இடமிருந்து வலமாக நகரும். ஆடுபவர் நம் எதிரே நடப்பதுபோல் இருக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. எனக்கு மெய்சிலிர்த்தது. சித்தப்பா வாய்பிளந்து அமர்ந்திருந்தார். இருந்தவர் அனைவரும் தலையாட்டினர். என் தந்தையாரும் ஆட்டினார்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அவர் என்னைத் தனியே அழைத்து மெல்லக் கேட்டார்: "எல்லாரும் தலையாட்டுனாங்க, நானும் ஆட்டிட்டேன். சலங்கைச் சத்தம் எங்கடா வந்துச்சு?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். நான் இயற்பியல் மாணவன். ஆனால் அந்த நேரத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

விடை இதுதான். இளமையில் மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. உட்செவியில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓயாத இரைச்சல் அவற்றை அழிக்கிறது. அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் செவிக்கேடு பெரும்பாலும் 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில்தான் முதலில் தலைகாட்டும். சலங்கையின் கிணுகிணுப்பும், பேச்சிலே வரும் சகரம் போன்ற மெல்லிய ஒலிகளின் தெளிவும் வாழ்வது அந்த மேல்வீட்டில்தான். ஆகவே மிருதங்கம் கேட்கும், சலங்கை கேட்காது. பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது புரியாது. வீட்டில் நாம் "என்னப்பா, எத்தனை தடவை சொல்றது?" என்று சலித்துக்கொள்வது இதனால்தான். சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபெல் எல்லை என அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. நெசவுக் கூடங்களில் 90க்கு மேல் இரைச்சல் இருப்பது பல நாடுகளில் அளந்து அறியப்பட்ட செய்தி. அங்கே நம் தந்தையர் நிற்பது ஒரு மணியா, இரண்டு மணியா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பையும் தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ஆனால் நாலைந்து பேர் வேலை பார்க்கும் சிறு தறிக்கூடத்துக்குள் அந்த அட்டவணையை எடுத்துச் சென்றவர் யார்? உலகத்தார் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவரின் செவிப்புண்ணுக்குக் கட்டுப்போட ஆளில்லை.

கண்காட்சி செய்த குற்றமா?

இவ்வளவும் சொல்வதால், அந்தக் கண்காட்சியைப் பணக்காரர் விளையாட்டு என்று நான் தூற்றப் போவதாக எண்ண வேண்டா. அங்கே வீண் ஆடம்பரமும் இருந்தது, மெய்யான அறிவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே படித்தவர் கடமை.

ஆடம்பரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒலிபெருக்கியை இணைக்கும் கம்பி ஒன்றின் விலையைச் சித்தப்பா கேட்டார். சில இலட்சம் என்றதும், "தம்பி, இந்தக் கம்பி விலைக்கு எங்க ஊர்ல ஒரு தறியே போட்டுடலாம்" என்றார். சிறு தொலைவுக்குப் போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பியே அந்த வேலையைச் செம்மையாகச் செய்யும் என்பது நம் ஆய்வகத்தில் மின்தடை அளந்த எவரும் அறிந்ததே.

அறிவுக்கும் எடுத்துக்காட்டு சித்தப்பாதான் தந்தார். ஒவ்வோர் அறையிலும் நுழைந்தவுடன் அவர் ஒருமுறை கையைத் தட்டிப் பார்த்தார். கல்யாண மண்டபங்களில் செட் கட்டுமுன் எப்போதும் அவர் செய்வது அது. தட்டிய ஒலி உடனே அடங்கியது. "கருவி பாதிதாண்டா, மீதி இந்த ரூம்தான் பாடுது" என்றார். கல்லூரி வாசலையே மிதிக்காத மனிதர் சொன்ன இந்த வாசகம் ஒரு பாடநூலுக்குச் சமம்.

இதே உண்மையை உலகுக்கு எண்ணிக்கையில் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய சொற்பொழிவுக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல் சுமார் ஐந்தரை நொடி எதிரொலித்து, அடுத்து வரும் சொற்களின்மேல் விழுந்து குழப்பியது. சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி வந்து, ஊரடங்கிய இரவுகளில் ஆர்கன் குழலும் கடிகாரமுமாக அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அந்த அளவுகளிலிருந்து பிறந்ததுதான் நாம் படிக்கும் சபைன் சூத்திரம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவர் கணக்கைக் கொண்டு கட்டியது.

ஒரு வகுப்பறையில் பின்வரிசை மாணவனுக்குப் பாடம் கேட்க வேண்டும் என்ற கவலையிலே பிறந்த அறிவு அது! அதன் பயன் இன்று ஓட்டல் அறைகளில் நாற்காலி ஐந்துக்குள் அடங்கிவிடலாமா?

பஞ்சு நம்மிடம் இருக்கிறது

நூற்பாலைகள் நிறைந்த ஊர் நமது. ஆலைகளில் கழியும் பஞ்சுக்குக் குறைவில்லை. பஞ்சு சிறந்த ஒலி உறிஞ்சி. கழிவுப் பஞ்சை நான்கு விரற்கடைத் தடிமனில் சட்டத்தில் அடைத்து, தீப்பற்றாதிருக்க வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்தி, மேலே காடாத் துணி போர்த்தினால், அந்த அறைகளில் கண்ட பலகைக்கு அது தங்கையாகும். நம் கல்லூரியில் எதிரொலிக்கும் பெரிய வகுப்பறை ஒன்றை இவ்வாறு செப்பனிடுவோம். பகலில் அது பாடம் தெளிவாய்க் கேட்கும் அறை. மாலையில் நல்ல ஒலிபெருக்கி இரண்டை வைத்தால் இசை கேட்கும் மன்றம். தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த குமாரசாமி ராஜா பிறந்த ஊரில் இது பேராசையாகாது.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். சுவரிலே உதவும் பஞ்சு காதிலே உதவாது. தறிக்கூடத்தில் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டால் போதும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நம்புகிறார்கள். எதிரொலியை உறிஞ்சுவது வேறு, நேரே வரும் இரைச்சலைத் தடுப்பது வேறு. வெறும் பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். அதற்கென்று செய்த செவியடைப்பானோ செவிக்கவசமோதான் வேண்டும். இசைக் கம்பி ஒன்றின் விலையில் ஒரு தெருவுக்கே அவற்றை வாங்கிவிடலாம்.

எனவே நம் இயற்பியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒலியளவி ஒன்றை வாங்கித் தாருங்கள். சத்திரப்பட்டியிலிருந்தும் சேத்தூரிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் வரும் மாணவர்கள் நாங்கள் எங்கள் ஊர்த் தறிக்கூடங்களை அளந்து வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒருநாளைச் செவிப் பரிசோதனைக்கு ஒதுக்குவோம்.

ஊர்த் திருவிழாக் குழுவினரிடமும் பேசுவோம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்துள்ளன. ஆண்டாள் பிறந்த மண்ணில் மார்கழி விடியலில் திருப்பாவை கேட்பது இன்பமே. ஆனால் அது காதில் தேனாகப் பாய வேண்டுமே தவிர ஈட்டியாகப் பாயக் கூடாது. இதைச் சொன்னால் சித்தப்பா கோபிப்பார் என்று அஞ்சினேன். அவரோ, "சத்தத்தைக் கூட்டத்தான் ஊர்ல கேக்குறாங்க. குறைக்கச் சொல்றதுக்குப் படிச்ச பசங்க நாலு பேர் வந்தா எனக்கும் நல்லதுதான். என் காது மட்டும் இரும்பா?" என்றார்.

நல்ல ஒலி வாங்கும் பொருள் என்று கண்காட்சி சொன்னது. அது காக்கும் பொருள் என்று என் தந்தையின் கேள்வி சொன்னது. முன்னதை வாங்க நம்மில் பலருக்கு வசதியில்லை. பின்னதைக் காக்க வசதி தேவையில்லை, அக்கறை போதும். என் தந்தைக்கு அந்தச் சலங்கை இனிக் கேட்கப் போவதில்லை. அவருக்குப் பின் தறிமுன் நிற்கப்போகும் தம்பிமார்களுக்காவது அது கேட்கட்டும்!