தந்தியும் தாங்கும் மரமும்

கொள்ளுப்பிட்டியிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் என் மாணவன் ஒருவனின் வீடு இருக்கின்றது. சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அவனுடைய தந்தையார் தொலைபேசியில் அழைத்து, "ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ, சேர்" என்றார். குரலிலே கலக்கம் தெரிந்தது. உடனே புறப்பட்டுச் சென்றேன்.

முன்விறாந்தையிலே, ஆளின் உயரத்தையும் விஞ்சிய டபிள் பேஸ் வாத்தியம் ஒன்று சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேற்பலகையிலே, குதிரைக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. வாத்தியம் பையனுடையதன்று, அவன் வாசிக்கும் வாத்தியக் குழுவினர் அவனை நம்பி இரவலாகக் கொடுத்தது. அவன் அருகே நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். வாத்தியத்திலிருந்த பழைய நரம்புகள் நைந்துபோயின. உருக்குத் தந்திகள் வேண்டுமென்று பையன் கேட்டான். நான்கு தந்திகள் கொண்ட ஒரு தொகுதியின் விலை, நடுத்தரக் குடும்பமொன்றின் மாத வருவாயில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆயினும் தந்தையார் பணத்தைச் சேர்த்துக் கடைக்குப் போனார். மென்மை, நடுத்தரம், வன்மை என மூவகைத் தந்திகள் இருந்தன. வன்மையானது நெடுங்காலம் உழைக்கும், ஓசையும் உரத்து ஒலிக்கும் என்றெண்ணி அதையே தெரிந்தெடுத்தார். சில வாரங்களில் பலகை வெடித்தது.

"நல்லதெண்டு தானே, சேர், வாங்கினனான்" என்றார் அவர்.

டபிள் பேஸ் என்பது மேனாட்டு வாத்தியக் குழுவிலே மிகத் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் தந்தி வாத்தியம். 1958ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பில் இயங்கிவரும் சிம்பொனி வாத்தியக் குழுவின் கச்சேரிகளுக்குச் சென்றவர்கள், வயலின்களுக்கு அப்பால் நின்றபடியே அதனை வாசிப்போரைக் கண்டிருப்பார்கள். நம் வீணைக்குச் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என வாசிக்கும் தந்திகள் நான்கு இருப்பதுபோல, இதற்கும் பெரும்பாலும் நான்கு தந்திகளே. அவற்றுள் மிகத் தாழ்ந்தது ஒரு செக்கனுக்கு 41 தடவை மட்டுமே அதிரும். வயலினின் மிகத் தாழ்ந்த தந்தியோ 196 தடவை அதிரும்.

முற்காலத்தில் இதற்கு ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்புகளையே பூட்டினார்கள். யாழின் தந்தியைப் பழந்தமிழர் நரம்பென்றே வழங்கியதை இங்கு நினைவுகூரலாம். உருக்குத் தந்திகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே டபிள் பேசில் பரவலாக இடம்பிடித்தன. குடல் நரம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சுருதி குலையும், எளிதில் நைந்துபோகும். எனவே நம் கொழும்பின் புழுக்கத்துக்கு உருக்கே பொருத்தமெனப் பையன் எண்ணியதில் தவறில்லை. தவறு எவ்வகை உருக்கு என்பதில் நேர்ந்தது.

உயர்தர வகுப்பு மாணவர்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்திலே சுரமானியைப் பார்த்திருப்பார்கள். நீண்ட பெட்டியின் மேல் ஒரு கம்பி. அதன் நுனியிலே படிகள். அதிர்வின் விதிகளைப் பிரான்சிய அறிஞர் மெர்சென் 1636ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். கம்பியின் நீளம் கூடினால் மீடிறன் குறையும். இழுவை கூடினால் மீடிறன் கூடும். கம்பியின் அலகு நீளத் திணிவு கூடினால் மீடிறன் குறையும். மீடிறனை இரு மடங்காக்க வேண்டின் இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும்.

இனி இவ்விதியை வாத்தியத்தில் வைத்துப் பாருங்கள். தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 105 சென்ரிமீற்றர், அது மாறாது. சுருதியும் மாறாது. ஆகவே பாரமான தந்தியைப் பூட்டினால் அதற்கேற்ப இழுவையைக் கூட்டியே தீரவேண்டும். திணிவு பத்திலொரு பங்கு கூடினால் இழுவையும் பத்திலொரு பங்கு கூடும். நடுத்தர உருக்குத் தந்தி நான்கும் சேர்ந்து இழுக்கும் இழுவையே நூறு கிலோகிராம் நிறையை, அதாவது இரண்டு பெரிய அரிசி மூட்டைகளின் பாரத்தை விஞ்சும். அதன் ஒரு பகுதியைக் குதிரை மெல்லிய பலகையின் மேல் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கின்றது. குடல் நரம்பின் இழுவைக்குப் பழகிய முதிய மரத்தின் மீது வன்மையான உருக்கை ஏற்றினால் அது என்ன செய்யும்?

தந்தி வாங்குவோர் முதலில் வாத்தியத்தின் வயதையும் பலகையின் பழைய ஒட்டுகளையும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். முதிய வாத்தியத்துக்கு மென்மையான தந்தியே பாதுகாப்பு. வில்லால் இழுத்து வாசிப்பவருக்கு உடனே வாய்திறக்கும் தந்தி வேண்டும். விரலால் சுண்டி வாசிப்பவருக்கு நாதம் நீண்டு நிற்கும் தந்தி வேண்டும். தனிக்கச்சேரிக்கென விற்கப்படும் தந்தியை உயர்ந்த தரமென மயங்கலாகாது. அது வழக்கமான சுருதியிலும் ஒரு முழுச் சுரம் உயர்த்தி மீட்டுவோருக்கென்றே செய்யப்பட்டது. பூட்டும்போது நான்கையும் ஒருங்கே கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். இல்லையேல் குதிரை சரிவதோடு, வயிற்றினுள்ளே பசையின்றி நிற்கும் சிறு தூணும் விழுந்துவிடக்கூடும். கடற்கரையை அடுத்த வீடுகளில் உப்புக் காற்று உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது நன்று. வயலினுக்கும் தம்புராவுக்கும் தந்தி வாங்கும் பெற்றோருக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும்.

அன்று அவ்வீட்டில் என்னை வருத்தியது வேறொன்று. அந்தப் பையன் சுரமானிக் கணக்குகளில் ஒரு புள்ளியேனும் தவறவிட்டதில்லை. மூன்று வகைத் தந்திகளின் இழுவையையும் ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுச் சொல்ல வல்லவன். ஆனால் பரீட்சைத் தாளிலுள்ள கம்பியும் தன் தோளில் சாய்ந்திருக்கும் தந்தியும் ஒன்றென அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி நான் கற்பிக்கவுமில்லை. பல்லாண்டுகளாகச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேனே தவிர, வாத்தியம் ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்தேனல்லேன். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர், கணிதத்தைத் துணைக்கொண்டு பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை நமக்குத் தந்தார். அவர் பிறந்த நாட்டில் இசையையும் பௌதிகத்தையும் நாம் வெவ்வேறு அறைகளில் பூட்டி வைத்திருக்கிறோம்.

தச்சு வேலை தெரிந்த ஒருவர் வெடிப்பை ஒட்டி, உள்ளே மரத்துண்டுகள் வைத்துச் சீர்செய்து கொடுத்தார். அந்தத் தவணைக் கச்சேரியில் பையன் வாசிக்கவில்லை. செலவைத் தந்தையார் இரண்டு தடவையாகக் கட்டி முடித்தார். இப்போது அதில் மென்மையான தந்திகள் பூட்டப்பட்டிருக்கின்றன. முன்னிலும் நாதம் இனிமையாக இருப்பதாகச் சொல்கிறான்.

இவ்வாண்டு சுரமானிப் பாடம் தொடங்கிய நாளில் அவனை அழைத்தேன். முச்சக்கர வண்டியில் ஏற்ற இயலாத அந்த வாத்தியத்தை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தான். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையில் கை வைத்துப் பார்த்தார்கள். வெடிப்பு ஒட்டிய இடத்தை அவனே அவர்களுக்குத் தொட்டுக் காட்டினான். அன்று நான் கரும்பலகையில் எழுதியது கொஞ்சந்தான்.